ஸ்கூட்டரை எத்தனை நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும்?

காலையில் செல்ஃப் போட்டு எஞ்சின் பிடித்ததும் சிலர் அடுத்த நொடியே ஆக்சிலேட்டரை முறுக்கிக் கிளம்பிவிடுவார்கள். வேறு சிலர் சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் நின்ற இடத்திலேயே, ஓடவிட்டுவிட்டு ஹெல்மெட், பை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருவார்கள். அதற்குள் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். இரண்டாவது கட்சிக்கு வண்டியைப் பேணத் தெரிந்தவர்கள் என்ற பெயர் உண்டு. இன்றைய ஸ்கூட்டர்களைப் பொறுத்தவரை அந்தப் பெயரில் பாதிதான் நியாயம். எஞ்சின் சூடாக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நின்ற இடத்திலேயே நடக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் நடக்காமல் இருப்பதே நல்லது.

ஏன் சூடாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். முதலில் ஆயில். டப்பாவின் மேல் 10டபிள்யூ-30 என்றோ 20டபிள்யூ-40 என்றோ போட்டிருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. அது குறையக் குறையக் குளிருக்கு நல்லது. பின்னால் வருவது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மைக்கான தரம். இரண்டு எண்கள் இருப்பதால் சூட்டிலும் குளிரிலும் ஆயில் ஒரே மாதிரி இருக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஓர் ஆயில் கிடையாது. 10டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஆறேழு மடங்கு கெட்டி. 20 டிகிரிக்கு இறங்கினால் அது பத்து மடங்கையும் தாண்டிவிடும்.

கெட்டியாக இருந்தாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆயில் பம்ப் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கோடு இணைந்தது. கிராங்க் சுற்றினால் அதுவும் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்கூட்டர் எஞ்சினோ சின்னது. சாதாரண 110, 125 சிசி வண்டிகளில் மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குள்தான். அடியிலிருந்து, மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை போக வேண்டிய தூரமும் கொஞ்சம். போதாததற்கு, முந்தின நாள் ஓடியபோது படிந்த படலம் ஒரே இரவில் முழுவதும் வடிந்துவிடுவதில்லை. ஆக, ஆயில் மேலே ஏறட்டும் என்று காத்திருப்பவர் அரை நிமிடம் நின்றால் தாராளம். மீதி நாலரை நிமிடத்தில் அந்தக் கணக்கில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

ஆயிலைவிடச் சிக்கலானது பெட்ரோல். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது; ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும் என்பது கணக்கு. குளிர்ந்த எஞ்சினில் இந்தக் கணக்கு பிசகிவிடுகிறது. உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பகுதி குளிர்ந்த இன்டேக் குழாயிலும் சிலிண்டர் சுவரிலும் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும், எரிவதற்கு வராது. அதை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோலை விட வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளில் சோக் செய்ததும், புதிய வண்டிகளில் ஈசியூ என்ற எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி செய்வதும் இதைத்தான்.

அந்தக் கூடுதல் பெட்ரோல் சும்மா இருப்பதில்லை. சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. கூடவே தண்ணீரும் சேர்கிறது. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகும் என்பது பள்ளிக்கூட வேதியியல்தான், ஆனால் அளவைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். சூடான எஞ்சினில் அது ஆவியாகவே சைலன்சர் வழியாகப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் சுவரிலும் ஆயிலிலும் சைலன்சர் உட்புறத்திலும் படியும். எரிப்பில் உண்டாகும் அமிலத்தன்மையுள்ள வாயுக்கள் அந்த ஈரத்தில் கரைந்து உலோகத்தை அரிக்கும்.

இது புதிதாகத் தெரியவந்த செய்தி ஒன்றுமில்லை. 1930களிலேயே பிரிட்டனில் ஆட்டோமொபைல் பொறியாளர்கள் சிலிண்டர் தேய்மானத்தைச் சோதித்தார்கள். சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் மளமளவென்று ஏறுவதையும், அதில் உராய்வைவிட அரிப்புக்கே பெரிய பங்கு இருப்பதையும் கண்டார்கள். அன்றைய பெட்ரோலைவிட இன்றைய பெட்ரோலில் கந்தகம் மிகக் குறைவு. ஆயிலில் அமிலத்தைச் சமன் செய்யும் சேர்மானங்களும் உண்டு. அதனால் பாதிப்பு குறைந்திருக்கிறது. போகும் திசை மாறவில்லை. எஞ்சின் குளிர்ந்த நிலையில் எவ்வளவு குறைந்த நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது.

ஐட்லிங் இங்கேதான் அடிபடுகிறது. ஒரு ஸ்கூட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1,500 முதல் 1,800 சுற்று வரை சுற்றும். எரிகிற பெட்ரோல் கொஞ்சம், உண்டாகும் சூடும் கொஞ்சம். காற்றால் குளிரும் ஸ்கூட்டர்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பாடிக்குள் மூடியிருக்கும் எஞ்சினுக்கு எதிர்க்காற்று படாது என்பதால் கிராங்க் முனையிலேயே ஒரு ஃபேன் வைத்திருப்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா கொதிக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எஞ்சின் ஓடும் வரை சிலிண்டரின் மேல் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். சிறு தீயில் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் விசிறியையும் போட்டுவிட்டு, இன்னும் கொதிக்கவில்லையே என்று காத்திருப்பது போன்றதுதான் இது. தண்ணீரால் குளிரும் ஸ்கூட்டர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானவை. கூலன்ட் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் அதை ரேடியேட்டருக்கு விடாது. அவை ஐட்லிங்கிலும் ஓரளவு சீக்கிரம் சூடாகும். ஆனால் கூலன்ட் சூடானதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று ஆகாது. ஆயில் எப்போதுமே பின்தங்கித்தான் வரும்.

கியர் பைக்குக்குப் பொருந்துவதெல்லாம் ஸ்கூட்டருக்குப் பொருந்தாது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரில் எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் கியர் விகிதத்தைத் தானாக மாற்றும் வேரியேட்டர், ரப்பர் பெல்ட், சுற்று ஏறினால் மட்டும் பிடிக்கும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச், கடைசியில் தனி ஆயிலில் மூழ்கிய சின்ன கியர் பெட்டி என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஐட்லிங்கில் எஞ்சின் சுற்றும், பெல்ட்டும் மெதுவாகச் சுற்றும். ஆனால் கிளட்ச் பிடிக்காது, கியர் பெட்டியில் எதுவும் அசையாது. பெல்ட் மேல் சுமை விழாததால் அதன் விறைப்பும் அப்படியே இருக்கும். டயர், சஸ்பென்ஷன் ஆயில், பிரேக் எதுவும் சூடாகாது. அரை மணி நேரம் ஓடவிட்டாலும் வண்டியின் பின்பாதி குளிர்ந்தேதான் இருக்கும். அதைச் சூடாக்க ஒரே வழி, ஓட்டுவதுதான்.

சரி, சூடாக்காமல் கிளம்பினால் என்ன கெடும்? மெதுவாகக் கிளம்பினால் ஒன்றும் கெடாது. முறுக்கிக் கிளம்பினால்தான் கெடும். கியர் பைக்கில் மேல் கியரைப் போட்டு எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்டலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி கிடையாது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தால் வேரியேட்டர் எஞ்சினை அதிக சுற்றிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும். கிளம்பி ஐம்பது அடி போவதற்குள், இன்னும் சூடாகாத எஞ்சின் கிட்டத்தட்ட தன் முழு பலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு அந்த முறுக்கின் அளவு.

அந்த நேரத்தில் உலோகத்துக்குள் நடப்பது இது. பிஸ்டன் அலுமினியக் கலவை. சிலிண்டர் உட்சுவர் பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. 100 டிகிரி சூடேறினால் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய அதில் பாதிதான் விரியும். இரண்டுக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். நெருப்பு நேரடியாகப் படுவது பிஸ்டன் தலையில், அதனால் முதலில் சூடாவதும் அதுதான். சிலிண்டர் வெளியிலிருந்து குளிர்விக்கப்படுவதால் நிதானமாகத்தான் சூடாகும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் வைத்தே பிஸ்டனின் மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாகச் செய்கிறார்கள். நிதானமாகச் சூடேற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு விரியும். கிளம்பியதுமே முறுக்கினால் பிஸ்டன் முந்திக்கொள்ளும்.

இந்த முந்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதை டூ ஸ்ட்ரோக் வண்டிகளைக் கையாண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பிலேயே முழுவேகத்தில் விரட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி எஞ்சின் ஜாம் ஆகிவிடும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் நாலு பக்கமும் நெடுக்குவாட்டில் கீறல் விழுந்திருக்கும். அந்த வண்டிகளில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே வரும், தனியாக ஆயில் தேங்கும் இடம் கிடையாது. ஐட்லிங்கில் நீண்ட நேரம் விட்டாலோ எரியாத ஆயில் ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படிந்து மிஸ்ஸிங் ஆரம்பித்துவிடும். அதனால் கொஞ்சம் சூடாகவிடு, ரொம்ப விடாதே, முதலில் விரட்டாதே என்பதுதான் அந்தக் காலத்து விவரமான மெக்கானிக்குகள் சொன்னது. நடுவிலிருந்த எச்சரிக்கையும் கடைசி எச்சரிக்கையும் காலப்போக்கில் உதிர்ந்து, சூடாகவிடு என்பது மட்டும் வழக்கமாக நின்றுவிட்டது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் காலத்தில் அந்த வழக்கத்துக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. கையால் இழுக்கிற சோக் உள்ள வண்டியில், சோக்கைத் தள்ளியதும் எஞ்சின் நின்றுவிடும். இழுத்தபடியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் கூடிப்போய்ப் பிக்கப் இருக்காது. சோக் தேவைப்படாத நிலை வரும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பிறகு வந்த ஸ்கூட்டர்களில் ஆட்டோ சோக் வந்தது. அதன் வேலை எளிமையானது. ஒரு சின்னக் குடுவைக்குள் மெழுகு, அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஹீட்டருக்குக் கரன்ட் போகும். மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும். கூடுதல் பெட்ரோல் வரும் வழியை அந்த ஊசி சில நிமிடங்களில் அடைத்துவிடும். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியிருக்க ஏன் நின்றுகொண்டு காத்திருக்க வேண்டும்?

ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இப்படி நேரத்தை வைத்து ஊகிப்பதும் தேவையில்லை. எஞ்சின் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் சென்சார்கள் அளந்து சொல்ல, எவ்வளவு கூடுதலாகத் தெளிப்பது என்று ஈசியூ கணக்குப் போடும். சூடாகச் சூடாகக் குறைத்துக்கொண்டே வரும். சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மட்டும் இந்தக் கணக்கில் உடனே சேராது. அது வேலை செய்ய 300 டிகிரி போலச் சூடு வேண்டும். அதுவரை ஈசியூ மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்தே ஓட்டும், கொஞ்சம் தாராளமாகவே தெளிக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பரவி வருவதால் குளிர் ஸ்டார்ட்டிங் பற்றிய பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும். தனி எத்தனால் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் அளவுக்கு ஆவியே தராது. இதைப் பெரிய அளவில் சமாளித்தது பிரேசில். அங்கே எத்தனாலிலும் ஓடும் கார்களில், ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் என்று ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் தனியாக இருந்தது. 2009இல் ஹோண்டா அங்கே சிஜி 150 டைட்டன் மிக்ஸ் என்ற இரட்டை எரிபொருள் மோட்டார்சைக்கிளை விட்டபோது, பைக்கில் அந்த இரண்டாவது டேங்குக்கு இடமில்லை. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் டேங்கில் குறைந்தது 20 சதவீதம் பெட்ரோல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அதை நினைவூட்ட மீட்டரில் ஒரு விளக்கையும் வைத்தார்கள். சிக்கல் இருந்தது எஞ்சின் பிடிப்பதில்தான். பிடித்த பிறகு நிற்க வைத்துச் சூடாக்க வேண்டிய அவசியம் எத்தனாலால் வந்துவிடவில்லை. குறைந்த அளவு எத்தனால் கலந்த பெட்ரோலில், உறைபனி இல்லாத இடங்களில், பிடிப்பதில்கூடப் பெரிய வித்தியாசம் தெரியாது.

புகைக்கு வருவோம். சைலன்சருக்குள் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி வரை சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன்னால் கூடுதல் பெட்ரோலால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் பெரும்பாலும் அப்படியே வெளியே வரும். யூரோ 5, பிஎஸ் 6 போன்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் சோதனை குளிர்ந்த எஞ்சினிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான். ஐட்லிங்கில் கன்வெர்ட்டர் சூடாவதும் தாமதம். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதித்தொகுப்பில் 30ஆம் பிரிவு, தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவதையே தடை செய்கிறது.

சட்டத்தை விடுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது ஒட்டிக்கொள்ளும். ஷட்டர் இறக்கிய கராஜிலோ, படுக்கையறை ஜன்னலை ஒட்டிய மூடிய இடத்திலோ வண்டியைச் சூடாகவிடவே கூடாது. ஸ்கூட்டர்தானே, சின்ன எஞ்சின்தானே என்று நினைப்பது ஆபத்து. எஞ்சின் இந்த வாயுவை அதிகமாகக் கக்குவது குளிர்ந்திருக்கும் இந்த முதல் சில நிமிடங்களில்தான்.

அப்படியானால் நடைமுறையில் எப்படி? எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஐட்லிங் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். சில வண்டிகளில் கிளட்ச் லேசாகப் பிடித்து, சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் சுற்றுவதைக்கூடப் பார்க்கலாம். அதனால் பிரேக்கைப் பிடித்தபடியே ஸ்டாண்டிலிருந்து இறக்குவது நல்லது. இருபது முப்பது நொடியில் எஞ்சின் சத்தம் சீராகும். அவ்வளவுதான், கிளம்பலாம். சும்மா நின்றபடி ரேஸ் பண்ணிச் சூடாக்குவது இருப்பதிலேயே மோசமான வழி. சுமையில்லாமல் சுற்று மட்டும் ஏறும், கெட்டியான ஆயிலில். முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திறக்காமல், மேடு வந்தாலும் அவசரப்படாமல் போனால் போதும். ஆயில் முழுச் சூட்டுக்கு வரப் பத்து நிமிடம் போல ஆகும். கிளம்பியதுமே நெடுஞ்சாலையில் ஏற வேண்டிய வீடு என்றால் மட்டும் இன்னொரு நிமிடம் நிற்பதில் தவறில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரில் ஒன்றிரண்டு நிமிடம் நிற்கலாம். பழைய டூ ஸ்ட்ரோக், கைச்சோக் வண்டிகளுக்கும் அப்படியே.

இவ்வளவு செய்தும் ஐந்து நிமிடம் ஓடவிட்டால்தான் வண்டி நகர்கிறது, இல்லையென்றால் ஆஃப் ஆகிவிடுகிறது என்றால் அது பழக்கம் தொடர்பான விஷயமே இல்லை, கோளாறு. கார்புரேட்டர் வண்டியில் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம், ஆட்டோ சோக் கூடுதல் பெட்ரோலின் வழியை மூடியபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். ஆட்டோ சோக் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அறிகுறி நேர்மாறு: காலையில் நன்றாகப் பிடிக்கும், சூடான பிறகு கரும்புகை வரும், மைலேஜ் விழும், பிளக் கருக்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் சூட்டைச் சொல்லும் சென்சார் பொய் சொன்னாலும் இதே குழப்பம்தான். வால்வு இடைவெளி குறைந்துபோன எஞ்சின் குளிரில் பிடிக்க அடம்பிடிக்கும். அதைப் பார்க்கச் சொல்லும்போது வண்டி ஆறியிருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் பார்த்தால் அளவு தப்பாகத்தான் வரும்.

கடைசியாக, ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் நல்லது என்று சொல்வார்கள். மேலே சொன்ன கேடுகள் எல்லாம் ஒன்றுகூடுவது இதில்தான். ஒவ்வொரு முறையும் பெட்ரோலும் தண்ணீரும் ஆயிலில் சேரும், அவற்றை ஆவியாக்கி வெளியேற்றும் அளவுக்கு ஆயில் ஒருமுறைகூடச் சூடாகாது. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெண்ணெய் நிறத்தில் நுரை ஒட்டியிருப்பது இதனால்தான். சைலன்சரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பேட்டரிக்காவது நல்லதா என்றால் அதுவும் சந்தேகம்தான், ஏனென்றால் செல்ஃப் எடுத்ததை ஐட்லிங்கில் ஐந்து நிமிட சார்ஜ் திருப்பித் தருவது கடினம். எடுத்தால் இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு வழியில்லை என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை அப்படியே விட்டுவிடலாம்.